நல்ல காலம் பொறந்தாச்சு, காசுதான் இளைச்சுப் போச்சு

குடுகுடுப்பைக்காரர் வாசலில் நின்று "நல்ல காலம் பொறக்குது" என்பார். ரோமானியப் பேரரசு அதைக் காசிலேயே அச்சடித்துவிட்டது. கி.பி. 348 வாக்கில், இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவரும் வெளியிட்ட வெண்கலக் காசின் பின்பக்கத்தில் 'ஃபெல் டெம்ப் ரெபராஷியோ' என்று இருக்கும். "இன்பமான காலம் மீண்டது" என்பதன் சுருக்கம். மரபுக் கணக்குப்படி ரோம் நகரம் பிறந்து 1100 ஆண்டு ஆன சமயம் அது.

இந்த வாசகத்தோடு பல படங்கள் வந்தன. உருண்டை மேல் நிற்கும் ஃபீனிக்ஸ் பறவை, கப்பலில் நிற்கும் பேரரசர், குடிசையிலிருந்து ஒரு சின்ன உருவத்தைக் கைப்பிடித்து இழுத்து வரும் வீரன். கடைசிவரை நிலைத்தது குதிரைவீரன் படம்தான். ரோமானியக் காலாள் ஈட்டியால் குத்துகிறான். குதிரை மடங்கிச் சரிகிறது. மேலே இருப்பவன் திரும்பி ஒரு கையைத் தூக்குகிறான். சில அச்சுகளில் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். விரல் நுனி அளவு இடத்தில் ஒரு சாவு நடக்குது பாருங்க. செதுக்கியவனுக்குக் கை சுத்தம்.

இதைப் பார்த்ததும் 'அரசுப் பிரச்சாரம்' என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான். ஆனால் படத்தை மட்டும் படித்தால் பாதிதான் படித்தோம். காசைத் தராசில் வைக்கணும்.

முதலில் வந்த பெரிய காசு சுமார் 5 கிராம். கொஞ்சம் வெள்ளியும் கலந்திருந்தது. அந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பவனுக்கு மரண தண்டனை என்று 349இல் சட்டமே போட்டார்கள். 350இல் கான்ஸ்டன்ஸ் கொல்லப்பட்டார், உள்நாட்டுப் போர் மூண்டது. சில ஆண்டுகளில் காசு ஏறத்தாழ 2.5 கிராமுக்கு இறங்கிவிட்டது, வெள்ளி அநேகமாகக் காணோம். வாசகம் அதேதான், குதிரைவீரனும் அவனேதான். தகடு சிறுத்ததால், பல காசுகளில் 'இன்பமான காலம்' விளிம்புக்கு வெளியே விழுந்துவிட்டது!

பிரிட்டனிலும் கால் நாட்டிலும் கிடைக்கும் போலிகள் இன்னும் வேடிக்கை. சில்லறைத் தட்டுப்பாட்டில் ஊர்க்காரர்களே அடித்துக்கொண்டவை. எழுத்து வெறும் கோடுகள். ஆனால் விழும் குதிரை மட்டும் எப்படியோ இருக்கும். அரசன் சொன்ன சேதி யாருக்கும் தேவைப்படலை, அது காசுன்னு தெரிஞ்சா போதும் என்பதுதான் என் வாசிப்பு. பிரச்சாரம் என்று நாம் சொல்லும்போது, கேட்டவர் யார் என்றும் கேட்கணும்ல?

359இல் பாரசீக மன்னன் இரண்டாம் ஷாப்பூர் அமிடா கோட்டையைப் பிடித்தான். அந்த ஆண்டுகளில் புழங்கிய புதுக் காசு 2 கிராம் அளவுதான். அதில் குதிரைவீரன் இல்லை, எதிரி இல்லை. உலக உருண்டையும் ஈட்டியுமாகப் பேரரசர் தனியே நிற்கிறார். வாசகமும் மாறிவிட்டது: 'ஸ்பெஸ் ரெய்புப்ளிகே', அதாவது "அரசின் நம்பிக்கை". நல்ல காலம் வந்தாச்சு என்று ஆரம்பித்தவர்கள், வரும் என்று நம்புங்கள் என்பதில் வந்து நின்றார்கள்.