வலைப்பிரிப்பு எவ்வளவு காக்கும்?

2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் அன்றுவரை வந்த, போன கடிதங்கள் அழிந்தன. காலாவதியான மின்னஞ்சல் மென்பொருள்மீதே பலரும் பழி போட்டார்கள். அது பிழையில்லை, ஆனாலும் இழப்பை இவ்வளவு பெரிதாக்கியது வேறொன்று. மின்னஞ்சல் சேர்வருக்கு எட்டிய இடத்திலேயே காப்புப் பிரதியும் இருந்ததால் இரண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டன. வலைப்பிரிப்பு, அதாவது வலையமைப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைப்பது, திருடனை வாசலில் மறிக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு. நுழைந்தவன் அடுத்த அறைக்குப் போகாதபடி தடுப்பதுதான் அதன் வேலை. மன்னார்க் கச்சேரி போன்ற தொலைதூர அலுவலகம் அரசின் பொதுக் கிளவுட் தளத்துக்குள் தனியாகச் சுவர் எழுப்ப முடியாது. அந்தப் பொறுப்பு தளத்தை நடத்துவோருடையது.

மன்னார்த் தீவின் தென்கரையில், மின்சார சபை அமைத்து 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றுக்கும் ஒரு வெளிநாட்டுத் தாக்குதலில் பாடம் உண்டு. 2022 பெப்ரவரி 24இல் வயாசாட் நிறுவனத்தின் செய்மதி இணைய வலைக்குள், பிழையாக அமைக்கப்பட்ட ஒரு விபிஎன் வழியாகப் புகுந்தவர்கள் நிர்வாகப் பகுதிவரை போய், பல்லாயிரக்கணக்கான மோடெம்களை முடக்கினார்கள். அதனால் மத்திய ஐரோப்பாவில் எனர்கோன் நிறுவனத்தின் ஏறத்தாழ 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு அற்றுப்போனது. இருந்தும் காற்றாடிகள் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் தன் கட்டுப்பாட்டைத் தன்னிடமே வைத்திருந்தது. பிரிப்பு தோற்ற இடம், வென்ற இடம் இரண்டையும் அந்த ஒரே நாளில் பார்க்கலாம்.

அடையாளச் சரிபார்ப்பு பலமாக இருந்தால் பிரிப்பு எதற்கு என்று கேட்போர் உண்டு. 2019இல் கேப்பிட்டல் வன் வங்கியில் 10 கோடிக்கு மேற்பட்டோரின் தரவு களவுபோனது இந்தக் கேள்விக்குப் பாதி வலுச் சேர்க்கிறது: பிழையாக அமைந்த ஒரு தடுப்பு மென்பொருளுக்கு அளவுக்கு மீறிய அனுமதி இருந்தது, அதைக் கொண்டே ஊடுருவியவர் கிளவுட் சேமிப்பைத் திறந்துவிட்டார். வலையைப் பிரித்துவிட்டு அனுமதியைத் தாராளமாகக் கொடுத்தால் பயனில்லை. அதற்காக ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றை மட்டும் நம்பவும் முடியாது. கடவுச்சொல் களவுபோகும் நாளில் மிஞ்சுவது சுவர்தான். இதைவிடக் கனமான ஆட்சேபம், ஆளணி குறைந்த அலுவலகங்களிலிருந்து வருகிறது. வழி அடைபட்டால் வேலை நிற்கும். ஊழியர் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், யாரோ ‘தற்காலிகமாக’ ஒரு போர்ட்டைத் திறப்பார், அது வருடக்கணக்கில் மூடப்படாது. ஆகவே எல்லாவற்றையும் அடைப்பதை நான் ஆதரிக்கவில்லை. காற்றாலை அளவீடுகள் தாராளமாக வெளியே போகட்டும். கட்டளை உள்ளே வரும் பாதை தேவையான நேரத்தில் மட்டும் திறக்கட்டும். அரச காப்புப் பிரதிக்கு வேறு வலையும் வேறு நிர்வாகக் கணக்கும் வேண்டும். திறக்கப்படும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு பொறுப்பாளரும் மூடவேண்டிய திகதியும் பதிவாக வேண்டும்.