தேன் தடவிய பழி

ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப் போற்றப்பெறும் சாசர், 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய 'காண்டர்பரிக் கதைகள்' என்னும் நூலில், கன்னிமடத் தலைவி கூறும் கதை ஒன்று உண்டு. ஆசிய நகரொன்றில் வாழும் கைம்பெண்ணின் 7 வயது மகன், யூதர் தெரு வழியே பள்ளிக்குச் செல்லுங்கால் மரியன்னையைப் புகழும் இலத்தீன் பாடலைப் பாடுகின்றான். யூதர்கள் கொலைஞன் ஒருவனை அமர்த்தி அவன் கழுத்தை அறுத்துக் கழிவுக் குழியில் எறிகின்றனர். அறுபட்ட கழுத்திலிருந்தும் பாடல் எழுகின்றது. கொலையை அறிந்திருந்த யூதர் அனைவரும் குதிரைகளால் இழுக்கப்பட்டுத் தூக்கிலிடப்படுகின்றனர்.

ஏழடிச் செய்யுளின் இனிமையும், மகனைத் தேடும் தாயின் துயரமும் கற்போர் நெஞ்சை உருக்குவன. ஆயின் அவ்வுருக்கம் எதன்மீது எழுப்பப்பட்டது?

1144இல் நார்விச் நகரருகே வில்லியம் என்னும் சிறுவன் இறந்து கிடந்தான். சில ஆண்டுகளுக்குப் பின் தாமஸ் என்னும் துறவி, யூதரே அவனைக் கொன்றனர் என நூலெழுதினார். 1235இல் ஜெர்மனியின் ஃபுல்டாவில், கிறித்தவக் குழந்தைகளின் குருதியை யூதர் எடுத்தனர் என்பதும் இப்பழியோடு சேர்ந்தது. பேரரசர் இரண்டாம் பிரடெரிக் ஆராய்ந்து 1236இல் அதனைப் பொய்யென அறிவித்தார். 1247இல் போப்பாண்டவர் நான்காம் இன்னசென்டும் மறுத்தார். எனினும் 1255இல் லிங்கன் நகரில் ஹியூ என்னும் சிறுவனின் உடல் கிணற்றில் கிடைத்தபோது, கோப்பின் என்ற யூதரும், பின்னர் இலண்டனில் 18 யூதரும் கொல்லப்பட்டனர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். 1290இல் இங்கிலாந்தினின்று யூதர் அனைவருமே வெளியேற்றப்பட்டனர்.

சாசர் பாடிய காலத்தில் யூதர் வெளியேற்றப்பட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. ஆயினும் கதையின் முடிவில் தலைவி அந்த ஹியூவையே விளித்து, அண்மையில் நிகழ்ந்தது போல் அவனிடம் வேண்டுகின்றாள். மறுத்துச் சொல்ல ஒருவருமில்லாத ஊரில் பழி எத்துணை எளிதாகத் தழைக்கின்றது!

பொறியில் சிக்கிய எலிக்கும் கண்ணீர் உகுப்பவள் இத்தலைவி என நூன்முகம் கூறும். எனவே சாசர் அவளை எள்ளுகின்றார் என்பர் சில திறனாய்வாளர். ஏற்கத்தக்க வாதமே. ஆயினும் அப்பழி பொய்யென உணர்த்தும் சொல் ஒன்றும் கதையில் இல்லை. கதைச் சிறுவன் பொருளறியாமலே பாடலை மனனம் செய்தான். மக்களும் இப்பழியை அவ்வாறே மனனம் செய்தனர்.

லிங்கன் பேராலயம் 1955இல் ஹியூவின் கல்லறையருகே, இக்கதைகள் பொய்யென்றும் பல அப்பாவி யூதரின் உயிரைக் குடித்தன என்றும் அறிவிக்கும் பலகையை வைத்தது. ஆங்கில இலக்கியம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இக்கதையின் நயத்தைச் சொல்வோர், அப்பலகையின் செய்தியையும் உடன் சொல்லுதல் கடன்.