பக்கவிளைவும் பின்விளைவும்: ஒரு சொற்பொருள் ஆய்வு

மருத்துவக் கட்டுரைகளிலும் நாளிதழ்களிலும் பக்கவிளைவு, பின்விளைவு என்னும் இரு சொற்களும் ஒருபொருட் சொற்களாகவே ஆளப்பட்டு வருகின்றன. இவ்வாட்சி பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

பக்கவிளைவு என்பது பக்கத்தில் தோன்றும் விளைவு என விரிதலின், ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாம். 'பின்' என்பது இடம், காலம் இரண்டற்கும் உரியதாயினும், விளைவு என்பதனைச் சாருங்கால் காலத்தையே உணர்த்துகின்றது. முன்னது நோக்கத்திற்குப் புறம்பாதலையும், பின்னது காலத்தாற் பிற்படுதலையும் குறிக்கும்.

தும்மலுக்கு உட்கொள்ளும் மாத்திரைகள் சில, தும்மலை அடக்கும்பொழுதே உறக்கத்தையும் தருகின்றன. அவ்வுறக்கம் பக்கவிளைவேயன்றிப் பின்விளைவு ஆகாது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் உறக்க மருந்தைக் கருவுற்ற மகளிர் உட்கொண்டமையால், குழந்தைகள் பல கைகால் குறைபாட்டுடன் பிறந்தன. 1961இல் அம்மருந்து அங்குத் திரும்பப் பெறப்பட்டது. அக்கேடு பக்கவிளைவாதலோடு பின்விளைவும் ஆயிற்று. இரண்டும் ஓரிடத்துச் சேர்ந்து வருதல் கொண்டு அவற்றை ஒன்றெனல் ஆகாது.

பக்கவிளைவு யாவும் தீயனவே என்னும் கருத்தும் ஏற்புடைத்தன்று. தொழிலின் முதனிலைகள் எட்டனைக் கூறும் தொல்காப்பியர், பயனையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார். பயன் என்பது கருதப்படுவது. விளைவோ கருதினும் கருதாவிடினும் நிகழ்வது. எனவே, கருதிய பயன் மாறின் பக்கமும் மாறும். அமெரிக்காவில் 1979இல் மினாக்சிடில் இரத்தக் கொதிப்பிற்குரிய மாத்திரையாக ஏற்கப்பட்டபொழுது, மயிர் வளர்தல் அதன் பக்கவிளைவாக இருந்தது. 1988இல் அதுவே வழுக்கைக்குப் பூசும் மருந்தாக ஏற்கப்பட்டபின், மயிர் வளர்தலே பயனாயிற்று.

பக்கவிளைவு ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பாதலின் அதனை விலக்கிப் பின்விளைவையே கொள்ளலாம் என்பாரும் உளர். நேர்பெயர்ப்பு என்பது உண்மையே. ஆயினும் பொருள் விளங்க நிற்கும் ஒரு சொல்லை அதன் பிறப்பு நோக்கித் தள்ளுதல் முறையன்று. மேலும், பின்விளைவு என்று படித்த நோயாளர் அது பின்னர் வருவதெனக் கொண்டு, மருந்து உண்டவுடன் தோன்றும் குறியைப் புறக்கணித்தலும் கூடும். சொல்லின் பிழை ஈண்டு உயிரின்மேற் செல்கின்றது.

ஆதலின், கருதாது நிகழ்வன யாவும் பக்கவிளைவு என்றும், அவற்றுட் கேடு பயப்பன தீவிளைவு என்றும், காலத்தாற் பிற்பட்டன பின்விளைவு என்றும் வரையறுத்து வழங்குதல் தக்கதென நாம் கருதுகின்றோம். கலைச்சொல் ஆக்குவோர் இதனை ஆய்ந்து கொள்வாராக.