பத்து வரிச் சுரங்கம்

வயர்கார்டு விபிஎன் அமைப்பதை வேடிக்கை பார்க்க எனக்குப் பிடிக்கும். திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றின் மாடியறை; பஞ்சுத்தூசி படிந்த ரவுட்டரில் பச்சை விளக்கு சிமிட்டுகிறது. அமைக்க வந்த தம்பி அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு சாவி, ஒன்று ரகசியம், ஒன்று பொது. ஒவ்வொன்றும் 44 எழுத்து, கடைசியில் தவறாமல் ஒரு சமக்குறி. அமைப்புக் கோப்பு மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரி. கல்யாணப் பத்திரிகைகூட இதைவிட நீளம். ரவுட்டரில் 51820 போர்ட்டைத் திறந்துவிட்டார். முன்பின் தெரியாதவர் வந்து தட்டினால் அந்தக் கதவு 'யார்?' என்றுகூடக் கேட்காது. அந்த அழுத்தம் அழகு.

வீட்டிலிருந்து கணக்கெழுதும் அக்கா லேப்டாப்பில் 'ஆக்டிவேட்' அழுத்தினார். சத்தமில்லை, சுற்றும் வட்டமில்லை. ஹேண்ட்ஷேக் நடந்து மூன்று நொடி என்று ஒரு வரி மட்டும். போனில் குக்கர் விசிலுக்கு நடுவே அவர் குரல்: "ஆபீஸ் டேலி வந்துருச்சுங்க தம்பி."