ஊசி நிற்கட்டும்

சென்னை ஜி.பி. ரோட்டை ஒட்டிய சந்துகளில் பழைய மாருதி 800-க்கு ஏசி கேஸ் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும். ஆர்-12 காலத்து வண்டிக்கு ஆர்-134ஏ ஏற்றுவதென்றால் சிலிண்டரைச் சொருகினால் மட்டும் போதாது. பழைய மினரல் ஆயில் புது கேஸோடு சேராது. வடித்துவிட்டு வேறு எண்ணெய் விட வேண்டும். டிரையரும் புதிது. (மிச்சமிருக்கும் பழைய கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடிப்பவர் என்றால் என் மரியாதை இன்னும் கூடும், ஓசோனுக்கு ஆகாத சரக்கு அது.) கறுத்து இறுகிப்போன ஓ-ரிங்கை நெம்பி எடுத்து, பச்சை ரிங்கை எண்ணெயில் தோய்த்து, விரல் நுனியால் சுற்றிவர அழுத்தி உட்காரவைக்கிறார் மெக்கானிக். அந்த நிதானத்துக்கே கூலி கொடுக்கலாம்.

அப்புறம் வேக்கம் பம்ப். முதலில் களகளவென்று இழுக்கும்; காற்று தீரத் தீரச் சத்தம் மெலிந்து சீராகும். வால்வை மூடிவிட்டு அழுத்தம் காட்டும் நீல மீட்டரையே பார்க்கிறார். ஊசி ஏறினால் எங்கோ கசிவு. "அவசரப்படாதீங்க சார், கொஞ்சம் நிக்கட்டும்." நிற்கிறது. எடை பார்த்து, பழைய அளவைவிடச் சற்றுக் குறைத்தே கேஸ் விடுகிறார். கம்ப்ரஸர் கிளட்ச் 'டக்'கென்று பிடிக்க, என்ஜின் ஒரு கணம் தள்ளாடி நிமிர்கிறது. லோ பிரஷர் பக்கக் குழாயில் வியர்வை அரும்புகிறது. உள்ளே முதலில் வீசுவது பல வருஷத்துத் தூசி வாடைதான்; சில்லென்ற காற்று அதற்கு அடுத்துத்தான்.