நால்வர் கோஷ்டி

நாவல்களைப் பற்றி எழுதி வந்த பேனாவால் இந்த முறை ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். கோலியோ கிட்டிப்புள்ளோ அல்ல. கைபேசியிலும் கம்ப்யூட்டரிலும் ஆடுகிற ‘கென்ஷின் இம்பாக்ட்’. சீனாவைச் சேர்ந்த மிஹோயோ கம்பெனியார் 2020 செப்டம்பரில் வெளியிட்டது. மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து அடையாறு வரையில், கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருக்கிற வீடுகள் பலவற்றில் இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும்.

“இதில் விமரிசகனுக்கு என்ன வேலை?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. பாத்திரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒருவரோடு ஒருவரைச் சேர்த்து, அந்தச் சேர்க்கையினால் ஒரு காரியத்தை நடத்துவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். நாவலாசிரியன் செய்கிற தொழிலும் அதுதானே?

விதி சுலபமானது. எத்தனையோ பாத்திரங்கள் இருந்தாலும் நாலு பேரைத்தான் கூட்டிக்கொண்டு புறப்படலாம். நெருப்பு, நீர், காற்று, மின்னல், பனி, பாறை, தாவரம் என்று ஏழு சக்திகள், ஆளுக்கு ஒன்று. சண்டையில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் களத்தில் நிற்கலாம். மற்ற மூவரும் திரைக்குப் பின்னால் காத்திருப்பார்கள். ஒருவரைக் கூப்பிட்டால், நிற்பவர் மறைந்துவிடுவார்.

புதிதாக ஆடுகிறவர் நாலு பேரையும் மகா வீரர்களாகவே பொறுக்குகிறார். ஒருவர் வெட்டும்போது மற்ற மூன்று வீரர்களும் வெறுமே காத்திருக்கிறார்கள். காயம் பட்டால் கட்டுப் போட நாதியில்லை. டிசம்பர் மாதத்தில் சபாவில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலு பாடகர்களை மேடையில் ஏற்றிவிட்டால் கச்சேரி ஆகிவிடுமா? பாட்டு, பிடில், மிருதங்கம், கடம் என்று அவரவர் இடம் அமைந்தால்தான் கச்சேரி.

அனுபவசாலிகள் கண்டுபிடித்த ஒரு கோஷ்டி உண்டு. ‘தேசிய அணி’ என்று சீன ரசிகர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஷியாங்லிங் ஒரு சமையற்காரப் பெண். பென்னட், துரதிர்ஷ்டம் பிடித்தவன் என்று கூட்டாளிகளெல்லாம் விட்டுப் போன பையன். ஷிங்சியூ, புத்தகப் பைத்தியமான வியாபாரி வீட்டுப் பிள்ளை. நாலாவது இடம் ஆடுகிறவர் விருப்பத்துக்கு மாறும்; ரசவாதம் படிக்கிற கூச்சக்காரி சுக்ரோஸை அதில் சேர்ப்பவர்கள் உண்டு. நாலு பேரும் நாலு நட்சத்திரக்காரர்கள். அதாவது இரண்டாம் வகுப்பு. இவர்களைக்கொண்டு ஆட்டத்தின் மிகக் கடினமான கட்டங்களை ஜயித்திருக்கிறார்கள்.

எப்படி? பென்னட் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போகிறான். அதில் நிற்பவர் காயம்பட்டிருந்தால் ஆறுகிறது. திடமாயிருந்தால் பலம் கூடுகிறது. ஷிங்சியூ மழை போன்ற வாள்களை விட்டுப் போகிறான். ஷியாங்லிங் சுழலும் நெருப்பை விட்டுப் போகிறாள். சுக்ரோஸ் காற்றினால் எதிரிகளை ஒரே இடத்தில் கூட்டுகிறாள். களத்தில் தெரிவது ஒருத்தி. அடிப்பது நாலு பேர். மேடையை விட்டுப் போன பாத்திரத்தின் செயல் மேடையிலேயே தங்கி நிற்கிறது. நல்ல நாவலின் ரகசியத்தையல்லவா இவர்கள் ஆட்டத்தின் விதியாக்கியிருக்கிறார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெருப்புச் சக்தி உடைய இருவர் சேர்ந்தால் தாக்கும் பலம் நூற்றுக்கு 25 கூடும். ஆனால் நெருப்புப் பற்றிய எதிரியின் மேல் நீர் பட்டால் அந்த அடி இரண்டு மடங்கு. நீரில் நனைந்தவன் மேல் நெருப்பு பட்டால் ஒன்றரை மடங்கு. ஒத்த குணங்கள் கூட்டித் தருகின்றன. எதிர்க் குணங்கள் பெருக்கித் தருகின்றன.

இங்கேதான் என் குறை தொடங்குகிறது. சக்திகள் மோதுகின்றன, மனிதர்கள் மோதுவதில்லை. ‘பொன்னியின் செல்வ’னில் (1950–54) வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டேதான் வழி நடக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தில்தான் கதை ருசிக்கிறது. இங்கேயோ, லீயுவே நகரை மூழ்கடிக்கத் துணிந்த டார்டாலியாவையும், அந்த நகரின் தெய்வமான ஜோங்லியையும் ஒரே கோஷ்டியில் சேர்க்கலாம். இருவரும் முகம் சுளிக்காமல் சண்டை போடுவார்கள். பாத்திரங்கள் அந்த நேரத்தில் வெறும் கருவிகளாகிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை கடைத்தெருவில் இருக்கிறது. ஐந்து நட்சத்திரப் பாத்திரங்களைக் குலுக்குச் சீட்டைப் போல இழுத்துப் பெற வேண்டும். ஒரு தடவை இழுத்தால் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 0.6. தொண்ணூறாவது தடவைக்குள் ஒன்று நிச்சயம். ஆனால் அது நாம் விரும்பியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதிர்ஷ்டம் முற்றிலும் கைவிட்டால் 180 தடவை இழுக்க நேரும். பொறுமையாக ஆடிச் சேர்த்தும் இழுக்கலாம். பொறுமை இல்லாதவருக்குப் பணம். தியாகராய நகரில் தீபாவளி ஜவுளி எடுக்கப் போகிறவர் கடைக்காரரிடம் பேரமாவது பேசலாம். இந்தக் கடையில் அதுவும் கிடையாது.

ஆக, ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஆட்டத்தை அமைத்த கலைஞன், “சேர்க்கைதான் பலம், எளியவனை ஒதுக்காதே” என்கிறான். கடை வைத்த வியாபாரி, “இதோ புதிய நாயகன் வந்துவிட்டான், வாங்கு!” என்கிறான். ஷியாங்லிங்கைக் காசில்லாமலே பெற்றுவிடலாம். சுழல் பாதாளத்தின் மூன்றாம் தளத்தைத் தாண்டினால் போதும். அவளைப் பெற்றவனே அடுத்த வாரம் ஐந்து நட்சத்திரத்துக்காக அப்பாவின் கார்டைக் கேட்கிறான் என்றால், கலைஞன் தோற்று வியாபாரி ஜயித்தான் என்றுதானே அர்த்தம்?

புதிய நாயகர்கள் பலசாலிகள் அல்ல என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாயகன் கிடைத்த பிறகும் அவனுக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்கு விடை கடையில் கிடைக்காது. யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகளை ஆட வேண்டாம் என்று தடுக்காமல், “உன் நால்வரில் ஒவ்வொருவரும் எதற்காக இருக்கிறார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். நன்றாகப் பதில் சொல்கிற பிள்ளைக்கு நாவல் படிக்கவும் தெரியும் என்பது என் நம்பிக்கை.