ஓடும் ப்ராசஸின் ரெஜிஸ்டரைப் படிக்க: பிட்ரேஸ், ஜிடிபி, எல்எல்டிபி

சர்வரில் ஒரு ப்ராசஸ் சிபியூவை முழுசாகத் தின்றுகொண்டிருக்கிறது. லாகில் புதிதாக ஒரு வரிகூட விழவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால் சரியாகிவிடும். ஆனால் என்ன நடந்தது என்கிற தடயமும் அதோடு அழிந்துவிடும். டீபக்கரை ஒட்டவைத்து ஒரு மாறியின் மதிப்பைக் கேட்டால், 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று கைவிரிக்கிறது. அந்த இடத்தில் மாறி எங்கே இருக்கிறது என்ற குறிப்பைக் கம்பைலர் எழுதிவைக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். மதிப்பு ஏதாவது ஒரு ரெஜிஸ்டரில் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். அதை எட்டிப் பிடிக்க வேண்டும். அதுவும் கையால் தட்டச்சு செய்து ஒரு தடவை பார்ப்பது போதாது. ஒரு நிரலே போய், எல்லா த்ரெட்களின் ரெஜிஸ்டர்களையும் படித்து, கோப்பில் எழுதிவிட்டு, ப்ராசஸை அதன் போக்கில் விட்டுவிட்டு வரவேண்டும்.

லினக்ஸில் இதற்கு மூன்று வழிகள் உண்டு: கர்னலின் பிட்ரேஸை நேரடியாக அழைப்பது, ஜிடிபியின் பைத்தான் இடைமுகம், எல்எல்டிபியின் பைத்தான் இடைமுகம். எக்ஸ்86-64 மடிக்கணினியில், உபுண்டு 24.04-இல் மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். மூன்றும் இலவசம், மூன்றும் திறந்த மூலம், மூன்றிலும் படிக்கிற வேலை ஒரே வரிதான். வித்தியாசம் எல்லாம் நிறுத்துவதில் இருக்கிறது. எந்தக் கணத்தில் நின்றது, எந்த வரியில் நின்றது, கூட இருந்த த்ரெட்களும் நின்றனவா என்று தெரியாமல் கிடைக்கிற ரெஜிஸ்டர் மதிப்பு வெறும் எண். அதனால் மூன்றையும் நிறுத்துகிற நேர்த்தியை வைத்தே எடைபோடுகிறேன்.

முதலில் பிட்ரேஸ். 1975-இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இது இருந்தது. இன்றைக்கு லினக்ஸில் ஓடும் ஜிடிபி, எல்எல்டிபி, எஸ்ட்ரேஸ் எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன. சி மொழியில் எழுதினால் நிரல் ஒரு பக்கம்கூட வராது: ஒட்டு, நிற்கும்வரை வெயிட்பிட் மூலம் காத்திரு, ரெஜிஸ்டர்களைக் கேள், விலகு. கிடைப்பது 27 புலங்கள் கொண்ட 216 பைட் கட்டமைப்பு. 16 பொது ரெஜிஸ்டர்கள், அடுத்து ஓடவேண்டிய கட்டளையின் முகவரியான ஆர்ஐபி, கொடிகள், செக்மென்ட் ரெஜிஸ்டர்கள் எல்லாம் அதில் அடக்கம்.

சோதனைக்கு மிக எளிய ஆளாக, ஒரு டெர்மினலில் 'ஸ்லீப்' கட்டளையை ஓடவிட்டு அதன்மேல் இதை ஏவினேன். வந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது பயனுள்ளது. ஆர்ஐபியிலும் ஆர்சிஎக்ஸிலும் அட்சரம் பிசகாமல் ஒரே முகவரி. கொடிகள் ரெஜிஸ்டரும் ஆர்11-உம் அதேபோல் ஒன்று. இது தற்செயல் இல்லை: 64 பிட் பயன்முறையில் 'சிஸ்கால்' கட்டளை கர்னலுக்குள் நுழையும்போது, திரும்ப வேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸிலும் கொடிகளை ஆர்11-இலும் ப்ராசசரே எழுதிவிடுகிறது. ஆக, ப்ராசஸ் கர்னலுக்குள் காத்துக்கிடக்கிறது என்பதை இந்த இரண்டு ஜோடிகளே சொல்லிவிடுகின்றன. 'ஒரிஜ்-ஆர்ஏஎக்ஸ்' என்ற புலத்தில் 230. அது கிளாக்-நானோஸ்லீப் என்ற சிஸ்டம் காலின் எண். ஆர்ஏஎக்ஸில் -516. கர்னலுக்குள் மட்டும் புழங்குகிற எண் இது. 'இந்த அழைப்பு பாதியில் தடைபட்டது, மீதியைத் தொடரவேண்டும்' என்று அதற்கு அர்த்தம். நாம் விலகியதும் கர்னல் ஆர்ஏஎக்ஸில் 219 என்ற மறுதொடக்க எண்ணை வைத்து, ஆர்ஐபியை 2 பைட் பின்னுக்குத் தள்ளுகிறது. சிஸ்கால் கட்டளையின் நீளம் சரியாக 2 பைட் என்பதால் அதே கட்டளை திரும்ப ஓடும்; ஸ்லீப் தன் மீதி நேரத்தை மட்டும் தூங்கும். ஒரு நிரலை நடுவில் பிடித்து நிறுத்தி, ஒன்றுமே நடக்காததுபோல் திருப்பி விடுவதற்கு உள்ளே இவ்வளவு ஏற்பாடு இருக்கிறது. இதைக் கண்ணால் பார்க்கும்போது கர்னலை எழுதியவர்கள்மீது மரியாதை கூடுகிறது.

ஆனால் எல்லா அழைப்புகளும் இவ்வளவு சமர்த்தாகத் தொடராது. பழைய 'அட்டாச்' முறை ப்ராசஸுக்கு எஸ்ஐஜிஸ்டாப் சிக்னல் அனுப்பி நிறுத்துகிறது. அதனால் ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் கால் 'இடையில் குறுக்கிடப்பட்டது' என்ற பிழையோடு திரும்பிவிடக்கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அந்தப் பிழையைச் சரியாகக் கையாளாத நிரலாக இருந்தால், நாம் வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் புதிய கோளாறை உண்டாக்கிவிட்டு வருவோம். 2012-இல் லினக்ஸ் 3.4-இல் வந்த 'சீஸ்' முறை எஸ்ஐஜிஸ்டாப் அனுப்புவதில்லை. முதலில் ஒட்டிக்கொள்ளும், ப்ராசஸ் ஓடிக்கொண்டே இருக்கும். 'இன்டரப்ட்' என்று தனியாகச் சொன்னால்தான் நிற்கும். எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் வருகிறது. இன்றைக்குப் புதிதாக எழுதுகிறவர்கள் அட்டாச்சைத் தொடவே வேண்டாம்.

பிட்ரேஸின் பெரிய குறை த்ரெட்கள். அது ஒட்டுவது ஒரு த்ரெட்டில்தான், முழு ப்ராசஸில் இல்லை. மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும். /ப்ராக்-இல் அந்த ப்ராசஸின் 'டாஸ்க்' அடைவைத் திறந்து, அங்குள்ள ஒவ்வொரு எண்ணிலும் ஒட்டவேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே புதிய த்ரெட் பிறக்கலாம் என்பதால், புதிய எண் எதுவும் தென்படாதவரை பட்டியலைத் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த 'ஸ்னாப்ஷாட்'டில் ஒரு த்ரெட்டின் படம் ஒரு கணத்தது, இன்னொன்றின் படம் வேறொரு கணத்தது. பூட்டுக்காக இரண்டு த்ரெட்கள் மோதிக்கொள்கிற கோளாற்றை அப்படிப்பட்ட படத்தை வைத்து ஆராய்ந்தால் தவறான ஆளைத்தான் பிடிப்போம்.

அனுமதி விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மூன்று வழிகளுக்கும் பொது என்பதால். உபுண்டுவில் 'யாமா' என்ற பாதுகாப்பு அடுக்கின் பிட்ரேஸ்-ஸ்கோப் மதிப்பு இயல்பாகவே 1. அதாவது தன் வழித்தோன்றல் ப்ராசஸ்களை மட்டுமே ஒருவர் டீபக் செய்யலாம்; வேறு எதில் ஒட்டப்போனாலும், அதே பயனருடையதாக இருந்தாலும், அனுமதி மறுக்கப்படும். இணையத்தில் பலரும் அதை 0 ஆக்கச் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். நம் பெயரில் ஓடுகிற எந்த நிரலும் நம் பிரௌசரின் நினைவகத்தைத் துழாவலாம் என்று கதவைத் திறந்துவிடுவது அது. தேவைப்படும் கட்டளைக்கு மட்டும் சூடோ போதும். நிரல் நம்முடையது என்றால், தன்னை யார் டீபக் செய்யலாம் என்பதை அதுவே பிஆர்சிடிஎல் அழைப்பின் வழியே அறிவிக்கலாம். ஒரு த்ரெட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்கமுடியும் என்பதும் நினைவிருக்கட்டும். சூடோ போட்டும் மறுக்கிறதா? அந்த ப்ராசஸின் 'ஸ்டேட்டஸ்' கோப்பில் 'ட்ரேசர்பிட்' என்ற வரியைப் பாருங்கள். 0 இல்லையென்றால் எஸ்ட்ரேஸோ வேறு எதுவோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து ஜிடிபி. பைத்தான் வசதி 2009-இல் வந்த 7.0 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. ப்ராசஸ் எண்ணையும் ஸ்கிரிப்ட்டையும் கொடுத்து 'பேட்ச்' முறையில் ஓட்டினால், ஒட்டி, ஸ்கிரிப்ட்டை ஓட்டி, விலகிவிடுகிறது. த்ரெட் சிக்கல் முழுக்க அதன் பொறுப்பு. இயல்பான முறையில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் நம்மிடம் தருகிறது. த்ரெட்கள்மேல் ஒரு சுற்று, ஒவ்வொன்றிலும் புதிய ஃபிரேமிடம் 'ரீட்-ரெஜிஸ்டர்' என்று கேட்டால் முடிந்தது. ஒரு சின்ன உறுத்தல்: ஆர்ஏஎக்ஸ் போன்றவற்றைக் குறியுள்ள எண்ணாகத் தருகிறது. பெரிய முகவரி ஒன்று அதில் இருந்தால் பைத்தானில் எதிர்ம எண்ணாகத் தெரியும். 64 பிட்டுக்கு முகமூடி போட்டுப் பயன்படுத்துங்கள்.

ஜிடிபியில் எனக்குப் பிடிக்காதது அதன் வேகம். ஸ்லீப் போன்ற சின்ன நிரலில் தெரியாது. நூலகங்கள் நிறைய ஏற்றிய ஒரு பெரிய ப்ராசஸில் ஒட்டவைத்தால், எல்லாவற்றின் சிம்பல்களையும் படிக்கிறது. அவ்வளவு நேரமும் ப்ராசஸ் நின்றுகிடக்கிறது. வெளியே அதன் பதிலுக்காகக் காத்திருப்பவர்களின் டைம்அவுட் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரெஜிஸ்டரின் மதிப்பை மட்டும் படிக்க சிம்பல் எதுவும் தேவையில்லை. ஒட்டுவதற்கு முன்பே 'ஆட்டோ-சோலிப்-ஆட்' அமைப்பை அணைத்துவிட்டால், நின்றுகிடக்கும் நேரம் கண்கூடாகக் குறைகிறது. முகவரிகளைப் பெயர்களாக மாற்றுகிற வேலையைப் பிறகு ஆறஅமரச் செய்துகொள்ளலாம். இன்னொரு குறை, 'ஜிடிபி' என்ற பைத்தான் தொகுதி ஜிடிபிக்குள் மட்டுமே இருக்கிறது. நம்முடைய சொந்தப் பைத்தான் நிரலிலிருந்து அதை இறக்குமதி செய்யமுடியாது. வெளியிலிருந்து ஓட்ட விரும்பினால் 'எம்ஐ' என்ற அதன் இயந்திர இடைமுகத்தோடு உரைவடிவில் பேசவேண்டும்.

எல்எல்டிபி இதில் தாராளம். 'எல்எல்டிபி -பி' என்று கேட்டால் தன் பைத்தான் தொகுதி இருக்கும் பாதையைச் சொல்லும். அதைச் சேர்த்துவிட்டால் சாதாரணப் பைத்தான் நிரலிலேயே இறக்குமதி ஆகிறது. டீபக்கரை உருவாக்கி, ஒத்திசைவற்ற முறையை அணைத்து, ப்ராசஸ் எண்ணால் ஒட்டி, ஃபிரேமிடம் 'ஃபைண்ட்-ரெஜிஸ்டர்' என்று கேட்கலாம். சொந்தக் கருவி கட்டுகிறவர்களுக்கு உரிமமும் ஒரு காரணம்: ஜிடிபி ஜிபிஎல் 3-இன்கீழ் வருகிறது, எல்எல்டிபி அப்பாச்சி 2.0-இன்கீழ்.

ஆனாலும் நான் எல்எல்டிபியை மதிப்பது வேறொரு குணத்துக்காக. ஸ்டாக்கில் மேலே ஏறி, அழைத்த ஃபங்ஷனின் ரெஜிஸ்டர்களைக் கேட்டுப் பாருங்கள். லினக்ஸ் எக்ஸ்86-64 மரபில் ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை ஆகியவற்றை, அழைக்கப்பட்ட ஃபங்ஷன் கைவைப்பதற்கு முன் சேமித்து, திரும்பும்போது பழையபடி வைக்கவேண்டும். அவற்றை ஸ்டாக்கிலிருந்து மீட்டெடுக்க முடியும். ஆர்ஏஎக்ஸ், ஆர்டிஐ போன்றவற்றுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மேல் ஃபிரேமில் அவற்றுக்கு என்ன மதிப்பு இருந்தது என்று டீபக்கருக்கே தெரியாது. எல்எல்டிபி அவற்றைக் காட்டாமல், இத்தனை ரெஜிஸ்டர்கள் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஜிடிபி பல சமயம் கீழ் ஃபிரேமின் மதிப்பையே மேலேயும் காட்டிவிடுகிறது. ஸ்கிரிப்ட் அதை அப்படியே கோப்பில் எழுதிவைக்கும். மறுநாள் படிக்கிறவர், ஃபங்ஷனுக்கு வந்த முதல் வாதம் ஆர்டிஐயில்தானே இருக்கும் என்று நம்பி அதன் பின்னால் போவார். ஃபங்ஷனின் வாசலில் நின்றிருந்தால்தான் ஆர்டிஐயில் முதல் வாதம். உள்ளே சில கட்டளைகள் ஓடியபிறகு அங்கே எதுவும் இருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற கருவி நள்ளிரவில் சர்வர் பார்க்கிறவருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை, அந்த வேலையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

மேக்கிலும் இதே எல்எல்டிபி ஸ்கிரிப்ட் ஏறக்குறைய அப்படியே ஓடும். அங்கே பிட்ரேஸ் பெயருக்குத்தான் இருக்கிறது, ரெஜிஸ்டர் படிக்கிற வசதி அதில் இல்லை. மாக் கர்னலின் த்ரெட்-நிலை அழைப்புகளை எல்எல்டிபி நமக்காகப் பார்த்துக்கொள்கிறது.

யாருக்கு எது என்று கேட்டால்: உற்பத்தியில் ஓடுகிற, நொடிகூட நிற்கக்கூடாத ப்ராசஸில் ஒரே ஒரு படம் எடுக்கவேண்டும் என்றால், சீஸ் முறையில் எழுதிய சின்ன பிட்ரேஸ் நிரல். நம் நிரல் செத்தால் கர்னலே பிடியை விட்டு ப்ராசஸைத் தொடரவிடும். 'எக்ஸிட்கில்' என்ற தெரிவை மட்டும் போட்டுவிடாதீர்கள், போட்டால் நம்மோடு சேர்ந்து அதுவும் சாகும். மேசைமேல் வைத்து நிதானமாக ஆராய ஜிடிபி. சொந்தக் கருவி கட்டவும், ஸ்டாக்கில் மேலே ஏறிப் பார்க்கவும் எல்எல்டிபி. ப்ராசஸை நிறுத்தவே கூடாது என்றால் மூன்றும் வேண்டாம். 'பெர்ஃப் ரெக்கார்ட்' கருவியில் பயனர் ரெஜிஸ்டர்களையும் சேர்த்துப் பதியும் தெரிவு இருக்கிறது; மாதிரி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அவற்றைக் குறித்துக்கொண்டு போய்விடும். நாம் விரும்பிய இடத்து மதிப்பு அதில் சிக்குமா என்பதற்கு மட்டும் உறுதி கிடையாது.

பிட்ரேஸ் நிரல் எழுத உட்காருபவர்கள் 'கெட்ரெக்ஸ்' என்ற பழைய கோரிக்கையை விட்டு, 'கெட்ரெக்செட்'டிலிருந்து தொடங்குங்கள். ராஸ்பெர்ரி பையின் 64 பிட் ஆர்ம் லினக்ஸில் பழையது இல்லவே இல்லை. கெட்ரெக்செட் அங்கே 31 பொது ரெஜிஸ்டர்கள், எஸ்பி, பிசி, பிஸ்டேட் என 272 பைட் தரும். எக்ஸ்86-64-இல் 32 பிட் ப்ராசஸ் ஒன்றைப் பிடித்தால் 216-க்குப் பதில் 68 பைட் வரும். எவ்வளவு எழுதப்பட்டது என்பதை அதுவே திருப்பிச் சொல்வதால், பிடித்தது எந்த வகை என்று அந்த நீளத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஏவிஎக்ஸ் ரெஜிஸ்டர்களின் மேல்பாதி வேண்டும் என்றாலும் இதே கோரிக்கைதான், எக்ஸ்ஸ்டேட் வகையைக் குறிப்பிட்டால் போதும். ஆனால் அதன் அளவு ப்ராசசருக்கு ப்ராசசர் மாறும், அதனால் இடத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். படித்த கோப்பை யாருக்காவது அனுப்புமுன் அந்தப் பகுதியை நீக்கிவிடுவது நல்லது: ஏஇஎஸ் மறையாக்கக் கட்டளைகள் தம் சாவிகளை வைத்து வேலை செய்வது அந்த ரெஜிஸ்டர்களில்தான்.